ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் உள்ள நீளச் சொற்கள்: ஒரு தேடலின் நிகழ்வு ஆய்வு

கேள்வி ஒரு வரிதான். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் இடம்பெறும் நீளமான சொற்கள் எவை? பார்த்தால் எளிது. ஆனால் குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்ட சொற்களைத் தேடும்போது வரக்கூடிய சிக்கல் அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டு முழுதாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே ஏ, இ, ஐ, ஓ, யூ, ஒய் என்பவை எழுத்துகளின் பெயர்கள், ஒலிகள் அல்ல. தமிழ் வாசகருக்கு இது முக்கியம். தமிழில் காதில் விழுவதைப் பெரும்பாலும் அப்படியே எழுதிவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. எஜுகேஷன் என்ற சொல்லைக் காதால் அளந்தால் ஐந்து உயிர்களும் தெரியாது. எழுதிப் பார்த்தால் இ, யூ, ஏ, ஐ, ஓ என்று ஐந்தும் வரிசையாக நிற்கும். தேடல் முழுவதும் எழுத்தை நம்பியே நடக்க வேண்டும்.

புகழ்பெற்ற நீளச் சொற்கள் ஏன் விழுகின்றன

இந்தக் கேள்வியைக் கேட்டதும் யாரும் முதலில் கைவைப்பது பிரபலமான நீளச் சொற்களில்தான். இவ்வளவு நீளத்தில் ஐந்து உயிரும் எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

28 எழுத்து கொண்ட ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்ற சொல்லில் ஏ, இ, ஐ மட்டுமே உண்டு. ஓ இல்லை, யூ இல்லை. 29 எழுத்து ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷனில் ஐ மட்டும் ஒன்பது முறை வருகிறது, இ ஒருமுறைகூட வரவில்லை. ஷேக்ஸ்பியரின் லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தில் வரும் 27 எழுத்து ஹானரிஃபிகாபிலிட்டூடினிட்டாட்டிபஸ் சொல்லிலும் இ கிடையாது. மருத்துவச் சொல்லான எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி 27 எழுத்து, அதில் யூ இல்லை. வேதியியலில் வரும் எத்திலீன்டையமீன்டெட்ராஅசிட்டேட்ஸ் 28 எழுத்து, அதில் ஓவும் இல்லை, யூவும் இல்லை.

தப்பிப்பது நியூமனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ் ஒன்றுதான். 45 எழுத்து. 1935இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்வாணர் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. ஐந்து உயிரும் இருக்கின்றன. ஆனாலும் அந்த 45 இடங்களையும் நிரப்பியிருக்கும் வெவ்வேறு எழுத்துகள் 14தான். இதோடு 15 எழுத்து அன்காப்பிரைட்டபிளை வைத்துப் பாருங்கள். காப்புரிமை பெற முடியாதது என்று பொருள்படும் இந்தச் சொல்லில் எந்த எழுத்தும் இரண்டாம் முறை வருவதில்லை. 15 இடம், 15 எழுத்து. மூன்று மடங்கு நீளமான சொல்லைவிட இதில் எழுத்து வகை ஒன்று கூடுதல்.

ஆக, சொல்லின் நீளம் ஒன்று, எழுத்துப் பரப்பு வேறொன்று. நீளமான சொல் பெரும்பாலும் ஒட்டுகளால் நீள்கிறது. ஒட்டுகள் திரும்பத் திரும்ப அதே எழுத்துகளைத்தான் கொண்டுவருகின்றன. பட்டியலை நீளவாரியாக அடுக்கி மேலிருந்து கண்ணால் பார்த்துக்கொண்டு வருவது வீண் வேலை ஆவது இதனால்தான்.

“கொண்ட” என்றால் என்ன

தேடல் தவறிப்போகும் இடங்களில் பெரும்பாலானவை கருவியில் இல்லை, கேள்வியில் இருக்கின்றன. “இந்த எழுத்துகளைக் கொண்ட சொல்” என்பதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு.

ஒன்று, கொடுத்த எழுத்துகள் எல்லாம் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் வரலாம். இரண்டு, கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது, ஆனால் திரும்ப வரலாம். தட்டச்சுப் பலகையின் மேல் வரிசையிலுள்ள பத்து எழுத்துகளால் மட்டும் அமைந்த டைப்ரைட்டர், ப்ரொப்ரைட்டர், பெர்பெச்சுயிட்டி என்னும் பத்தெழுத்துச் சொற்கள் இந்த வகை. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ விளையாட்டும் இதே விதியில் ஓடுகிறது. ஏழு எழுத்து, நடு எழுத்து கட்டாயம், குறைந்தது நான்கெழுத்துச் சொல், எதையும் எத்தனை முறையும் பயன்படுத்தலாம். மூன்று, கொடுத்த ஒவ்வொரு எழுத்தையும் கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் எடுக்கக்கூடாது. ஸ்க்ராபிள் என்னும் சொல்லாட்டத்தின் ஏழு எழுத்து வில்லைகளும், 1982இல் பிரிட்டனில் தொடங்கிய கவுண்ட்டவுன் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒன்பது எழுத்துகளும் இப்படித்தான். நான்கு, எழுத்துகள் கொடுத்த வரிசையிலேயே வர வேண்டும்.

ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு வேறொன்றுக்கான தேடலை ஓட்டினால் விடை வரத்தான் செய்யும், ஆனால் அது தவறான விடை. பிழைச்செய்தி எதுவும் வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்த ஆய்வில் மேலே சொன்னவற்றில் முதலாம் பொருளை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பிறகு “ஒவ்வொன்றும் ஒரே முறை”, “வரிசை மாறாமல்” என்று இறுக்கிக்கொண்டே போகிறோம்.

எந்தப் பட்டியல்

ஸ்க்ராபிளுக்கான பட்டியலை எடுப்பவர்கள் இங்கே முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். பலகையின் ஒரு வரிசையில் 15 கட்டங்கள்தான், ஆகவே காலின்ஸ் ஸ்க்ராபிள் பட்டியலில் 15 எழுத்தைத் தாண்டிய சொல்லே கிடையாது. நீளச் சொல் வேண்டும் என்று கேட்டுவிட்டு இந்தப் பட்டியலில் தேடினால், 15தான் எல்லை என்று தவறாக முடிவுகட்ட நேரும்.

யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய எனேபிள் பட்டியலில் சுமார் 1.7 லட்சம் சொற்கள் உள்ளன. பன்மை, வினைத்திரிபு எல்லாம் உண்டு, 28 எழுத்து வரை போகிறது. இந்தத் தேடலுக்கு அதுவே நல்ல அடித்தளம். மேக் கணினிகளில் டிக்ட் என்ற கோப்புறைக்குள் வேர்ட்ஸ் என்ற பெயரில் கூடவே வரும் பட்டியல் 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் பேரகராதியிலிருந்து எடுத்தது, சுமார் 2.3 லட்சம் சொற்கள். எண்ணிக்கை பெரிதென்று மயங்க வேண்டாம். அதில் தலைச்சொற்கள்தான் உண்டு, பன்மையும் இறந்தகால வடிவங்களும் பெரும்பாலும் இல்லை. ஆள், இடம் போன்றவற்றின் சிறப்புப்பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. வழக்கொழிந்த சொற்களும் ஏராளம். லினக்ஸில் வரும் சில பட்டியல்களில் மேற்கோள் குறியோடு கூடிய உடைமை வடிவங்கள் கலந்திருக்கும். அவை சொல்லின் நீளத்தை இரண்டு கூட்டிக் காட்டும்.

எந்தப் பட்டியலானாலும் தேடும் முன் செய்ய வேண்டியவை: எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றுவது, 26 எழுத்தைத் தவிர வேறு குறி உள்ள வரிகளை நீக்குவது, விண்டோஸ் கோப்பாக இருந்தால் வரியின் இறுதியில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியை அகற்றுவது. கடைசி வேலையை மறந்தால் ஒவ்வொரு சொல்லும் ஓரெழுத்து நீளமாகக் கணக்காகும். 15 எழுத்துச் சொற்களைக் கேட்டால் 14 எழுத்துச் சொற்கள் வந்து நிற்கும். இந்தப் பிழையில் பல மணிநேரம் தொலைவது சாதாரணம். அறிந்த ஒரு சொல்லின் நீளத்தை முதலில் அளந்து பார்த்துவிட்டால் போதும், நேரம் மிஞ்சும்.

வடிகட்டும் விதம்

கிரெப் போன்ற தேடுகருவியை எடுத்ததும் பலர் செய்யும் தவறு, ஐந்து எழுத்தையும் சதுர அடைப்புக்குள் ஒன்றாக எழுதுவது. சதுர அடைப்பு “இவற்றில் ஏதாவது ஒன்று” என்றுதான் பொருள் தரும். கிட்டத்தட்ட முழுப் பட்டியலும் திரும்பி வரும். அடைப்பின் பின்னே ஐந்து முறை என்று சேர்ப்பவர்களுக்கு வேறொரு ஏமாற்றம். அடுத்தடுத்து ஐந்து உயிரெழுத்து வரும் சொற்கள்தான் அப்போது கிடைக்கும். வரிசையில் நிற்பதைக் குறிக்கும் க்யூயிங் அதற்கு நல்ல உதாரணம்: யூ, இ, யூ, இ, ஐ. ஏ இல்லை, ஓ இல்லை.

நமக்கு வேண்டியது “இதுவும், இதுவும், இதுவும்”. அதற்கு நேரான வழி, ஐந்து தனித்தனித் தேடலை, ஒன்றின் விடையை அடுத்ததற்கு ஊட்டும் “குழாய்” வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது. ஒரே வடிவக் கோவையில், அதாவது தேட வேண்டிய அமைப்பைச் சொல்லும் ஒற்றைக் குறியீட்டு வரியில், எழுத வேண்டுமானால் ஐந்து எழுத்தின் எல்லா வரிசைகளையும் எழுத வேண்டியிருக்கும். அவை 120. ஆறெழுத்தானால் 720. முன்னோக்கிப் பார்க்கும் குறிகள் கொண்டு சுருக்கலாம் என்றாலும், ஐந்து சல்லடைகளை அடுக்குவதே படிக்கவும் திருத்தவும் எளிது.

எந்தச் சல்லடை முதலில்? விடை மாறாது, வேலை குறையும். யூவை முதலில் வையுங்கள். ஸ்க்ராபிள் வில்லைகளின் எண்ணிக்கையே ஐந்து உயிர்களின் புழக்கத்தைச் சொல்லிவிடும்: இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ வெறும் 4. அதிகம் தள்ளுபடி செய்வது யூதான். கையால் தேடும்போது இந்த விதி இன்னும் பெரிய உதவி. யூ எங்கே வரும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே பட்டியலில் பல எழுத்துக் கூட்டங்களைத் திரும்பத் திரும்பத் தேடுவதானால் ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்ணாக மாற்றி வைப்பதே சிறந்தது. ஏவுக்கு 1, அடுத்த எழுத்துக்கு 2, அதற்கடுத்ததற்கு 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் இ 16, ஐ 256, ஓ 16,384, யூ 10,48,576. ஐந்தின் கூட்டுத்தொகை 10,65,233. ஒரு சொல்லில் வரும் எழுத்துகளின் எண்களை, எழுத்துக்கு ஒருமுறை மட்டும் கூட்டினால் அந்தச் சொல்லின் எண். அதையும் இந்த எண்ணையும் 0, 1 மட்டும் கொண்ட இருமத்தில் எழுதி “மற்றும்” செய்து, அதாவது இரண்டிலும் 1 உள்ள கட்டங்களை மட்டும் விட்டுவைத்து, மீண்டும் 10,65,233 வந்தால் ஐந்தும் உள்ளன. சில சொற்களில் உயிர்போல ஒலிக்கும் ஒய்யையும் ஆறாவதாகச் சேர்த்தால் எண் 1,78,42,449. இரண்டாம் பொருளுக்கு, அதாவது வேறெழுத்து கூடாது என்பதற்கு, கொடுத்த எண்ணின் 0களை 1ஆகவும் 1களை 0ஆகவும் தலைகீழாக்கி, சொல்லின் எண்ணோடு “மற்றும்” செய்ய வேண்டும். விடை சுழியமானால் சொல் தேறியது. 26 எழுத்தும் 32 இருமக் கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால்தான் இது இத்தனை வேகம். 247 எழுத்துள்ள தமிழுக்கு இதே உத்தியை அப்படியே கொண்டுபோக முடியாது, அகலமான கட்டம் வேண்டும்.

இந்த எண்ணுக்கு ஒரு குறை உண்டு. எழுத்து இருக்கிறதா என்று சொல்லும், எத்தனை முறை என்று சொல்லாது. பைத்தான் நிரல்மொழியில் சொல்லைக் கணமாக, அதாவது திரும்ப வரும் எழுத்தை ஒருமுறை மட்டும் வைக்கும் தொகுப்பாக, மாற்றினாலும் அதே இழப்புதான். மூன்றாம் பொருளுக்கு ஒவ்வொரு எழுத்தின் எண்ணிக்கையையும் தனியே எண்ணியாக வேண்டும். எழுத்துக்கு ஒரு பகா எண் கொடுத்துப் பெருக்கும் உத்தியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குறுஞ்சொற்களுக்குச் சரி. முன்பு கண்ட எத்திலீன்டையமீன்டெட்ராஅசிட்டேட்ஸுக்கு 2 முதல் 101 வரையான பகா எண்களை அகர வரிசையில் கொடுத்துப் பெருக்கினால் 64 இருமக் கட்டம் நிரம்பி வழிந்து தவறான எண் நிற்கும். நீளச் சொல் தேடலுக்கு இது பொருந்தாத கருவி.

விரிதாளிலும் இதைச் செய்யலாம். எக்செலின் சர்ச் வாய்பாடு பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது, ஃபைண்ட் பார்க்கும். எண்ணிக்கை வேண்டுமானால் சொல்லின் நீளத்திலிருந்து, அந்த எழுத்தை சப்ஸ்டிட்யூட் வாய்பாட்டால் நீக்கிய பின் வரும் நீளத்தைக் கழிக்க வேண்டும். சப்ஸ்டிட்யூட்டும் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பது என்பதால் முன்கூட்டியே சிறிய எழுத்தாக்கிக்கொள்வது கட்டாயம்.

கடைசியாக நீளவாரியாக அடுக்கும்போது எண் வரிசை என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது எழுத்து வரிசையில் அடுக்கும், 9 என்பது 28க்கு மேலே போய் உட்காரும். “மிக நீளமானவை” என்று ஒன்பதெழுத்துச் சொற்களைக் காட்டும் விடைகளின் பின்னணி இதுதான்.

தேறியவை

முதல் பொருளில், நீள வரிசையில் நன்றாக நிற்பவை இவை. இம்யூனோஎலெக்ட்ரோஃபொரெட்டிக்கலி, 25 எழுத்து. ஓவர்இன்டெலெக்சுவலைசேஷன், 23. கவுண்டர்ரெவல்யூஷனரீஸ், 22. இதன் ஒருமையான கவுண்டர்ரெவல்யூஷனரி 20 எழுத்து, ஒய்யையும் சேர்த்து ஆறும் அதில் உண்டு. கவுண்டர்இன்ஃப்ளேஷனரி 19, அதிலும் ஆறு.

இவற்றின் கட்டமைப்பைக் கவனித்தால், கருவி இல்லாமலும் சொல் பிடிக்கும் வழி தெரியும். கவுண்டர் என்ற முன்னொட்டு ஓ, யூ, இ மூன்றையும் தந்துவிடுகிறது. ஏயும் ஐயும் கொண்ட ஏதாவது ஒன்றை ஒட்டினால் போதும். கவுண்டர்க்ளாக்வைஸ் 16 எழுத்து நீண்டும் விழுவது ஏ இல்லாததால். இம்யூனோ என்ற முன்னொட்டு ஐ, யூ, ஓ தருகிறது, எலெக்ட்ரோ இயைக் கொண்டுவருகிறது, கலி என்னும் முடிவு ஏயையும் ஒய்யையும் சேர்க்கிறது.

பின்னொட்டுப் பக்கமிருந்தும் வரலாம். ஏஷன் என்று ஒலிக்கும் முடிவு ஏ, ஐ, ஓ மூன்றையும் தரும், மீதம் இயும் யூவும். ரெகுலேஷன், ரெப்யூடேஷன், ஸ்பெக்யுலேஷன், பெர்டர்பேஷன் நான்கும் அப்படி அமைந்தவை. பாப்புலேஷனில் இ இல்லை, முன்னால் டி ஒட்டி டிபாப்புலேஷன் ஆக்கினால் தேறிவிடும். யஸ் என்று ஒலிக்கும் முடிவு ஐ, ஓ, யூ தரும், மீதம் ஏயும் இயும். டெனேஷியஸ், ப்ரிகேரியஸ், க்ரிகேரியஸ் இந்தக் குடும்பம். ஏபிள் என்ற முடிவு ஏ, இ தரும். முன்னால் அன் சேர்த்தால் யூ வந்துவிடும், நடுவில் ஓவும் ஐயும் இருந்தால் போதும். அன்ப்ராஃபிட்டபிள் அப்படித்தான் தேறுகிறது. ஆனால் அதையே வினையடையாக்கி அன்ப்ராஃபிட்டப்ளி என்று நீட்ட முயன்றால் முடிவிலுள்ள இ மறைந்து ஒய் வந்துவிடும், சொல் விழுந்துவிடும். க்வெஸ்சனப்ளிக்கு இந்தக் கவலை இல்லை. அதன் இ வேரிலேயே இருக்கிறது.

இறுக்கினால்

இனி ஒவ்வொரு உயிரும் ஒரே முறை. ஐந்தையும் தனித்தனியே எண்ண வேண்டியதில்லை. ஐந்தும் உள்ளன என்று முன்பே தெரிந்த சொல்லில் உயிரெழுத்துகளின் மொத்தம் ஐந்தாக இருந்தால், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வந்தாக வேண்டும். இந்தச் சிறு சோதனை 20 எழுத்துக்கு மேலே நின்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடுகிறது. சப்கான்டினென்டல் 14 எழுத்து, அதில் உயிர்கள் யூ, ஓ, ஐ, இ, ஏ என்று முழுத் தலைகீழ் வரிசையில் நிற்கின்றன. அன்காம்ப்ளிமெண்டரி 15 எழுத்து, அதே தலைகீழ் வரிசை, முடிவில் ஒய். இன்கமென்சுரப்ளியும் 15, ஆறு எழுத்தும் ஒவ்வொரு முறை.

உயிர் மட்டுமல்ல, எந்த எழுத்துமே திரும்பக்கூடாது என்றால் 15 எழுத்து அன்காப்பிரைட்டபிளும், 14 எழுத்து ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்லியும் நிற்கின்றன. இரண்டிலும் ஒய் உட்பட ஆறும் உண்டு. இந்த வகையில் வழக்கமாகக் காட்டப்படும் இன்னொரு 15 எழுத்துச் சொல் டெர்மட்டோக்ளிஃபிக்ஸ், விரல்ரேகை இயல். நம் கேள்விக்கு அது பொருந்தாது. யூ இல்லை.

எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி அதையே சொல்லுக்கு அடையாளமாக்கினால் இன்னொரு பயன் உண்டு. எஜுகேஷன், ஏலம் விட்டதைச் சொல்லும் ஆக்‌ஷன்ட், எச்சரித்ததைச் சொல்லும் காஷன்ட் மூன்றுக்கும் ஒரே அடையாளம்தான் வரும். மூன்றும் அதே ஒன்பது எழுத்துகளின் மாற்றடுக்கு.

வரிசை மாறாமல் வேண்டும் என்ற நான்காம் பொருளில்தான் நுணுக்கம் அதிகம். ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற வரிசையில், இடையில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று தேடினால் ஃபசீஷியஸும் அப்ஸ்டீமியஸும் வரும். கூடவே சாக்ரிலீஜியஸும் வந்துவிடும். அதன் உயிர்கள் ஏ, ஐ, இ, ஐ, ஓ, யூ. நடுவில் தப்பான இடத்தில் ஓர் ஐ இருக்கிறது, ஆனால் கருவி அதைத் தாண்டிப் போய் அடுத்த ஐயை எடுத்துக்கொள்கிறது. இடைவெளியில் “எது வேண்டுமானாலும்” என்பதை “உயிரல்லாத எது வேண்டுமானாலும்” என்று மாற்றினால்தான் இது போகும். சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அதே தடையைப் போட மறக்கக்கூடாது. இல்லையென்றால் முன்னாலோ பின்னாலோ உபரி உயிர் ஒட்டிய சொல் நுழைந்துவிடும். அட்வென்டிஷியஸும் இந்தத் திருத்தத்தில் விழுகிறது, அதில் ஐ இரண்டு.

ஃபசீஷியஸ்லி, அப்ஸ்டீமியஸ்லி என்று நீட்டினால் ஒய்யும் வரிசை தவறாமல் கடைசியில் வந்து சேர்கிறது. ஆறெழுத்தும் அகர வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை.

இன்னும் ஒரு சரிபார்ப்பு மிச்சம். எழுத்துக்கூட்டல் எந்த நாட்டினது? பிரிட்டன் வழக்கில் எழுதிய பிஹேவியரில் ஐந்து உயிரும் ஒவ்வொரு முறை உண்டு, ஃபேவரைட்டிலும் அப்படியே. அமெரிக்க வழக்கில் இரண்டிலும் யூ போய்விடுகிறது. இரு வழக்கும் கலந்த பட்டியலில் இரண்டு வடிவமும் கிடக்கும், ஒன்று தேறும், மற்றொன்று விழும். விடைகளை வெளியிடும் முன் எந்த அகராதியின் எந்த வடிவம் என்று சொல்லின் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். விடையைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.